யானையைக் கட்டிப்போட்ட டிஜே

அம்மா ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே மூன்றாவது தடவையாக, "மன்னிச்சுக்கோடா தங்கம்," என்றாள்.

உருளை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டு, தன் முழங்காலிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பிறந்த நாளே வேண்டாம். நான் அஞ்சு வயசாவே இருந்துக்கறேன்."

குழந்தையாக இருந்தபோது தவழாமல் உருண்டு உருண்டே வீடு முழுக்கச் சுற்றியதால் அவனுக்கு உருளை என்று பெயர். அவன் அக்காவுக்குச் சில்லு என்று பெயர். பத்து வயதாகியும் ஓர் இடத்தில் நிற்காமல், பாண்டி ஆட்டத்துச் சில்லு போலக் கட்டத்துக்குக் கட்டம் பாய்ந்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் வேறு பெயர்கள் உண்டு. ஆனால் வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "யாரது?" என்று அவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

உருளையின் பிறந்த நாள் விருந்து ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை அவனுக்குக் காய்ச்சல். இரண்டாவது தடவை அம்மாவுக்கு வேலை. இன்று மூன்றாவது தடவை. பலூன் ஊதியாகிவிட்டது. கேக் வந்தாகிவிட்டது. நான்கு மணிக்கு அவனுடைய நண்பர்கள் வந்துவிடுவார்கள். இந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஒரு போன்.

அம்மா ஒரு டிஜே. கடை திறப்போ, கம்பெனி விழாவோ, எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே ஒரு மேசை போட்டுப் பாட்டுப் போடுவது அவள் வேலை. பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வேலையில்லை அது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் ஒரு காதால் கேட்க வேண்டும். இரண்டின் தாளமும் ஒன்றாக நடக்கிற இடம் பார்த்து, தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு நொடி இடைவெளி விழுந்தாலும் போச்சு. ஆடுகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவது, சிதறிய எறும்பை வரிசையில் நிற்க வைப்பது போல.

அம்மாவின் நண்பர் ஒருவர், அவரும் டிஜே, இன்று ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவுக்குப் போக வேண்டியவர். அவருக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். போன மாதம் அம்மாவுக்குக் கால் சுளுக்கியபோது அம்மாவுக்குப் பதிலாகப் போய் நின்றவர் அவர்தான். முடியாது என்று எப்படிச் சொல்வது?

"பாட்டு இல்லாம என்ன பார்ட்டி?" என்றது இடுக்கிலிருந்து ஒரு குரல். "எங்கம்மா டிஜேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இப்போ என் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வெச்சுக்கறது?"

"நான் போடறேன்மா," என்றாள் சில்லு.

அப்பா பலூன் ஊதுவதை நிறுத்தினார். பலூன் அவர் வாயிலிருந்து நழுவி, 'புர்ர்ர்' என்று அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் தலையிலேயே வந்து விழுந்தது.

"பாட்டுப் போடற பெரிய பெட்டியை நான் கொண்டு போகணுமேடி," என்றாள் அம்மா.

"பழைய பெட்டி போதும்."

அம்மா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு காதில் கறுப்பு டேப் சுற்றிய பழைய ஹெட்போனை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பெட்டியையே பாத்துட்டு நிக்காதே. ஆடுறவங்க காலைப் பாரு."

சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். மூன்றாவது மாடியிலிருந்து தெரு வரைக்கும் அவளுடைய ஷூச் சத்தம் கேட்டது.

*

பழைய பெட்டியைச் சில்லு சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஸ்பீக்கரை மேசைக்குக் கீழே தரையில் வைத்தாள்.

பெட்டியின் இரு பக்கமும் இரண்டு வட்டத் தட்டுகள். நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குமிழ்கள். மூன்று வயதில் சில்லு அவற்றின் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். மேல் குமிழுக்குச் சிட்டுக்குருவி; சலங்கை, ஜால்ரா மாதிரி கீச்சென்ற ஒலிகள் எல்லாம் அதில்தான். நடுக் குமிழுக்கு ஒரு வாய்; பாடுகிறவரின் குரல் அதில் வரும். கீழ்க் குமிழுக்கு யானை. 'தும் தும்' என்று நெஞ்சுக்குள் வந்து இடிக்குமே, அந்த பேஸ். அம்மா அந்த ஸ்டிக்கர்களை உரித்துப் போடவே இல்லை. பெரிய பெரிய விழாக்களில்கூட, "யானையைக் கொஞ்சம் ஏத்து," என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாளாம்.

நான்கு மணிக்கு நண்பர்கள் வந்தார்கள். உருளையின் வகுப்பிலிருந்து எட்டுப் பேர். சில்லுவின் தோழி ஒருத்தி. அவளுக்குக் கேள்வி என்று பெயர். ஏன் என்று கேட்டால், "ஏன் கேக்கறே?" என்று கேட்பாள்.

"நீதான் டிஜேவா? உனக்குத் தெரியுமா? பயமா இல்லையா?" என்றாள் கேள்வி.

"பாரு," என்றாள் சில்லு.

ஹெட்போனைக் காதில் மாட்டினாள். ரயில் பாட்டைப் போட்டாள். அடடா, என்ன தாளம்! தலை தானாக ஆடியது. தோள் ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி ஆட்டினாள். கண்ணைத் திறந்தபோது எட்டுப் பேரும் கேள்வியும் அப்பாவும் அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடுங்க! ஏன் நிக்கறீங்க?" என்று ஹெட்போனோடு கத்தினாள்.

"எதுக்கு ஆடறது?" என்று கேட்டாள் கேள்வி. "சத்தமே வரலியே?"

பாட்டு ஹெட்போனில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒலியை வெளியே விடும் பட்டனை அவள் மேலே தள்ளவே இல்லை! சில்லுவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இடுக்கிலிருந்த உருளைகூடச் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டான்.

சில்லு பட்டனைத் தள்ளினாள்.

தும்! தும்! தும்! தும்!

அவ்வளவுதான். வீடு அதிர்ந்தது. இருபது கால்களும் ஒன்றாகக் குதித்தன. அப்பா ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு ரயில் எஞ்சின் ஆனார். சில்லு இரண்டாவது பாட்டை ஒரு காதில் பிடித்து, தாளத்தோடு தாளம் சேர்த்து, மெதுவாக உள்ளே விட்டாள். தையல் தெரியவில்லை! யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

*

வாசலில் நர்ஸ் அக்கா நின்றார். நேர் கீழே, இரண்டாவது மாடியில் தனியாக இருப்பவர். போன வாரம் உருளை படியில் விழுந்தபோது மருந்து போட்டுக் கட்டியவர். முடி ஒரு பக்கம் பறவைக்கூடு மாதிரி இருந்தது. கன்னத்தில் தலையணையின் கோடு.

"பிறந்த நாளா? நல்லா இரு கண்ணு," என்று உருளையின் தலையைத் தடவினார். பிறகு தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னார். "ராத்திரி வேலை முடிஞ்சு காலையிலேயே வீட்டுக்கு வந்திருக்கணும். அடுத்த ஆள் வரலை. மதியம் ரெண்டு மணிக்குத்தான் விட்டாங்க. இன்னிக்கு ராத்திரியும் போகணும். ஆறு மணி வரைக்கும் தூங்கினா சமாளிச்சுடுவேன்... பரவால்ல, பரவால்ல. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன். குழந்தைங்க விளையாடட்டும்."

"அக்கா, உங்க ஆஸ்பத்திரியில என்ன வேலை?" என்று கேட்காமல் இருக்க முடியுமா கேள்வியால்?

"ரொம்பச் சீக்கிரம் பிறந்துட்ட குழந்தைங்களைப் பாத்துக்கறது. இத்தனூண்டு இருக்கும்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ராத்திரி ஒரு நிமிஷம்கூடக் கண் அசரக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சில்லு, அம்மா சொன்னபடி, காலைப் பார்த்தாள். நர்ஸ் அக்காவின் ஒரு காலில் நீலச் செருப்பு. இன்னொரு காலில் பச்சைச் செருப்பு. அது அவருக்கே தெரியவில்லை.

கதவு மூடியது.

"பாட்டை நிறுத்திடலாமா?" என்றார் அப்பா. "உக்காந்து படம் வரையலாம். அதுவும் ஜாலிதான், இல்ல?"

உருளையின் கீழ் உதடு மெல்ல வெளியே வந்தது. "மூணாவது தடவையுமா?" என்றான். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று சில்லுவுக்குத் தோன்றியது.

ஒரு பக்கம் தம்பி. இன்னொரு பக்கம் அந்த இரண்டு நிறச் செருப்பு. இரண்டில் எதையும் விட முடியாது போலிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள் சில்லு. ஒலியைப் பாதியாகக் குறைத்தாள்.

"கேக்கலை!" என்றான் ஒரு பையன்.

இன்னும் குறைத்தாள். "இது பாட்டா, கொசுவா?" என்றது இன்னொரு குரல்.

"எல்லாரும் அப்படியே ஆடுங்க. நான் கீழே போய்க் கேட்டுட்டு வரேன்."

*

சில்லு பூனை நடை நடந்து படியிறங்கினாள். நர்ஸ் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் நடைபாதைப் பக்கம் பாதி திறந்திருந்தது. அதன் அருகில் போய்க் காதைக் கூர்மையாக்கினாள்.

பாடுகிறவரின் குரல் கேட்கவில்லை. சலங்கை கேட்கவில்லை. இவ்வளவு குறைத்த பிறகு எப்படிக் கேட்கும்? அப்பாடா என்று மூச்சு விடப் போனாள்.

தும். தும். தும்.

சுவரில் கை வைத்தாள். சுவருக்குள் யாரோ நடப்பது போல இருந்தது. ஜன்னலோரம் ஒரு காலித் தம்ளர், அதற்குள் ஒரு கரண்டி. ஒவ்வொரு 'தும்'முக்கும் கரண்டி 'கிண்' என்று ஆடியது. தும், கிண். தும், கிண். உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிட்டது. நர்ஸ் அக்கா புரண்டு படுக்கிறார். மறுபடியும் புரண்டு படுக்கிறார்.

சில்லுவுக்குச் சட்டென்று புரிந்தது.

குருவி மேலேயே இருக்கிறது. வாயும் மேலேயே இருக்கிறது. யானை மட்டும் தரை வழியாக இறங்கி, கீழ் வீட்டுக்குள் நடக்கிறது!

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

"அப்பா! யானையைக் கட்டிப்போடணும்! தலையணை, மெத்தை, எல்லாம் கொண்டு வாங்க!"

"எந்த யானை?" என்றார் அப்பா.

"எந்தத் தலையணை?" என்றாள் கேள்வி.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல நேரமில்லை. சில்லு கீழ்க் குமிழைப் பிடித்து இடது பக்கம் கடைசி வரை திருகினாள். யானை நின்றது. தரையில் இருந்த ஸ்பீக்கரைத் தூக்கி, மூன்று தலையணைகளின் மேல் ராஜா மாதிரி உட்கார வைத்தாள். எல்லா அறைகளிலிருந்தும் மெத்தையும் போர்வையும் வந்து தரையை மூடின.

"ஷூவைக் கழட்டுங்க. சாக்ஸ் மட்டும். சட்டம் ஒண்ணே ஒண்ணு. காலைத் தரையை விட்டுத் தூக்கக் கூடாது. குதிக்கக் கூடாது. முழங்காலை மடக்கலாம், இடுப்பை வளைக்கலாம், வழுக்கலாம், நெளியலாம்."

"பாம்பு மாதிரியா?" என்றான் உருளை. முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது.

"பாம்பு மாதிரி."

பாட்டு மறுபடி தொடங்கியது. எல்லாரும் நெளிந்தார்கள். ஒரு நிமிடம். அரை நிமிடம்கூட இருக்காது. நெளிகிறவர்களின் எண்ணிக்கை பத்திலிருந்து ஐந்தானது. ஐந்திலிருந்து மூன்றானது. ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

யானை இல்லாத பாட்டு, தகர டப்பாவுக்குள் எலி ஓடுவது போல இருந்தது. கேட்க முடிந்தது. ஆடத்தான் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"என்ன மேடம், ஆடறாங்களா? அது என்ன சத்தம்? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. நர்ஸ் அக்கா தூங்கறாங்க. யானையைக் கட்டிப்போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கடைத் திறப்பு விழாவின் இரைச்சல் கேட்டது.

"யானை இல்லாம நான்கூட ஒரு விழா நடத்தினதில்லையேடி," என்றாள் அம்மா. "நீ எப்படிப் பண்றேன்னு வந்து கேக்கறேன்." யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

சில்லு பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் பதில் இல்லை. ஆடுறவங்க காலைப் பாரு.

கால்களைப் பார்த்தாள். அசையாத கால்கள். சாக்ஸில் ஓட்டை விழுந்த கால். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்ற கால். ஒரே ஒரு ஜோடிக் கால் மட்டும் முழங்காலை மடக்கி மடக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

உருளையின் கால்.

மெல்லக் கண்ணை உயர்த்தினாள். உருளை தன் தொப்பை வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தான். உதடு குவிந்து, ரகசியம் சொல்வது போல, 'தும்... தும்... தும்...' என்றது. பாட்டில் காணாமல்போன யானையை அவனே போட்டுக்கொண்டு, அவனே ஆடிக்கொண்டிருந்தான்!

சில்லு ஒரு தாவலில் மேசையைச் சுற்றி வந்தாள்.

"எல்லாரும் இங்கே வாங்க! உருளையைப் பாருங்க! யானை பெட்டியில இல்லை. நம்ம வயித்துல இருக்கு. நான் கையை இறக்கும்போது எல்லாரும் வயித்துல தட்டணும். வாயால மெதுவா 'தும்' சொல்லணும். மெதுவா! குழந்தை தூங்கறப்போ பேசற மாதிரி."

"இது மட்டும் கீழே கேக்காதா?" என்றாள் கேள்வி.

நல்ல கேள்வி. "நீயே போய்ப் பாத்துட்டு வா."

சில்லு கையை உயர்த்தினாள். இறக்கினாள்.

தும்.

பன்னிரண்டு சின்னக் கைகள், ஆறு வயிறுகள். அப்பாவின் வயிறு ஒன்றே நான்கு பேருக்குச் சமம். தும். தும். தும். எலி ஓடிய பாட்டுக்குள் யானை திரும்பி வந்துவிட்டது. தரை வழியாக வந்த யானை இல்லை. ஒவ்வொருவரின் சட்டைக்குள்ளிருந்தும் எட்டிப் பார்த்த குட்டி யானை.

தண்ணீர் குடிக்கப் போனவர்கள் தம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

கேள்வி மூச்சு வாங்கிக்கொண்டு கீழேயிருந்து வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒரு பதில் இருந்தது.

"ஒண்ணுமே கேக்கலை! கரண்டிகூட ஆடலை. நீங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன். ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு."

"என்ன சத்தம்?" எல்லாரும் உறைந்தார்கள்.

"நர்ஸ் அக்கா குறட்டை."

*

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கடினம். ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில், அதுவும் சத்தமில்லாமல் நடந்தது.

சத்தமில்லாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு சிறுமிக்கு மூக்கு வழியாக ஜூஸ் வந்துவிட்டது. அப்பா பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க பிரேக் அழுத்தியே பழகிய அவருடைய வலது கால், தாளம் ஏறும்போதெல்லாம் தானாகத் தரையை அழுத்தியது. மூன்றாவது 'தொம்'முக்குப் பிறகு உருளை ஒரு தலையணையைக் கொண்டு வந்து அந்தக் காலில் கட்டிவிட்டான். "இப்போ பிரேக் போடுங்க," என்றான்.

சில்லுவுக்கு வேறு ஒரு தொல்லை. வயிற்று யானைகள் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. உற்சாகம் ஏற ஏற, தும்... தும்... என்பது தும்தும்தும்தும் ஆனது. பாட்டு பின்னால் நொண்டியது. "மெதுவா, மெதுவா," என்று கையைக் காட்டினாள். யார் கேட்கிறார்கள்? சரி, அவர்கள் பாட்டுக்கு வரவில்லை என்றால் பாட்டு அவர்களிடம் போகட்டும் என்று வேகப் பட்டனை ஒரு மயிரிழை நகர்த்தினாள். பாட்டு ஓடிப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டது. அந்த இடத்திலேயே அடுத்த பாட்டை ஒட்டினாள். தையல் தெரியவில்லை.

டப்!

ஒரு பலூன் வெடித்தது. எல்லாரும் அப்படி அப்படியே நின்றார்கள். ஒருவன் ஒற்றைக் கை மேலே. ஒருத்தி வாய் திறந்தபடி. சில்லு பட்டனை இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று... இரண்டு... மூன்று... கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கேள்வி தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினாள். யானைகள் மறுபடி நடக்கத் தொடங்கின.

ஐந்தரைக்குக் கேக். எல்லாரும் மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பிறந்த நாள் பாட்டைக் கிசுகிசுவென்று பாடினார்கள். கிசுகிசுப்பில் குரலைவிடக் காற்றுதானே அதிகம்? பாட்டு பாதி முடிவதற்குள் ஆறு மெழுகுவர்த்தியும் தாமாகவே அணைந்துவிட்டன.

"நான் ஊதவே இல்லியே!" என்றான் உருளை.

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி கிசுகிசுத்தார்கள். மறுபடி அணைந்தன. மூன்றாவது தடவை யாருமே பாடவில்லை. வெறுமனே உதட்டை அசைத்தார்கள். உருளை கன்னம் உப்ப ஊதினான். கைதட்டலுக்குப் பதில் எல்லாரும் பத்து விரல்களையும் காற்றில் படபடவென்று ஆட்டினார்கள். அறைக்குள் பட்டாம்பூச்சிக் கூட்டம் வந்தது போல இருந்தது.

"அக்கா," என்று சில்லுவின் காதருகே வந்து சொன்னான் உருளை, "நான் இனிமே ஆறு வயசாவே இருந்துக்கறேன்."

*

கடிகாரத்தில் மணி ஆறு ஐந்து. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

சில்லுவின் வயிற்று யானை தும்மென்று ஒரு தடவை தானாகவே குதித்தது. போய்க் கதவைத் திறந்தாள்.

நர்ஸ் அக்கா. தலை வாரியிருந்தார். வெள்ளை உடை. முதலில் காலைத்தான் பார்த்தாள் சில்லு. இரண்டு காலிலும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ.

"சத்தம் கேட்டுச்சாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லையே! அதான் ஓடி வந்தேன்," என்றார் நர்ஸ் அக்கா. "அலாரம் அடிச்சுதான் எந்திரிச்சேன். எந்திரிச்சுக் கேட்டா, மேலே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மனசே சரியில்லை. நான் வந்து சொன்னதால பார்ட்டியை நிறுத்திட்டீங்களா? குழந்தை அழுதானா?"

சில்லு கதவை முழுசாகத் திறந்தாள்.

மெத்தைக் காட்டின் நடுவே ஒன்பது குழந்தைகளும் ஒரு கேள்வியும், தலையணைக் கால் அப்பாவும், முழங்காலை மடக்கி மடக்கி, வயிற்றில் தட்டித் தட்டி, வேர்த்துக் கொட்ட ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சில்லுவுக்கு முதலில் தெரியவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்ததும் தெரிந்தது, சிரிப்புதான்.

"உள்ளே வாங்கக்கா!" உருளை அவர் கையைப் பிடித்து இழுத்தான். "கேக் இருக்கு. நானே ஊதினேன்."

"எனக்கு ஆறரைக்கு பஸ் கண்ணு. ஒரே ஒரு வாய் கேக். ஒரே ஒரு பாட்டு." அவர் குனிந்து ஷூக் கயிற்றில் கை வைத்தார். "இதைக் கழட்டணும் இல்ல?"

சில்லு மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்திருந்தது.

"அக்கா, உங்க வீட்டுல இப்போ யாராவது இருக்காங்களா?"

"நான் இங்கே இருக்கேன். அங்கே யாரு இருப்பாங்க?"

"அப்போ ஷூ இருக்கட்டும்," என்றாள் சில்லு. "அப்பா, மெத்தையைச் சுருட்டுங்க!"

மெத்தைகள் சுருண்டன. தலையணைகள் பறந்தன. ஸ்பீக்கர் தரைக்கு இறங்கியது. சில்லு முதலில் குருவியை மட்டும் விட்டாள். சலங்கை மெல்லச் சிணுங்கியது. பிறகு வாயைத் திறந்துவிட்டாள். குரல் ஏறியது. நர்ஸ் அக்காவின் ஒரு கையை உருளையும் இன்னொரு கையைக் கேள்வியும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் கண்ணும் சில்லுவின் விரலில் இருந்தது. விரல் யானைக் குமிழில் இருந்தது.

"நாலு," என்றாள் சில்லு. "மூணு. ரெண்டு..."

"சட்டம்?" என்று கத்தினாள் கேள்வி. "குதிக்கலாமா?"

"குதிங்க!"

தும்!

இரண்டு மணி நேரமாகக் கட்டிக் கிடந்த யானை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. எல்லாக் கால்களும் தரையை விட்டு எழும்பின. வெள்ளை ஷூ எல்லாரையும்விட உயரமாக எழும்பியது.

கீழே, ஆளில்லாத வீட்டின் ஜன்னலோரத்தில், தம்ளருக்குள் ஒரு கரண்டி மட்டும் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது.